பரதேசி கட்டிய மணிக்கூண்டு

தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வருபவர்களுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு பெயர் சிரிப்பை வரவழைக்கும். பரதேசி சினகாக். தமிழில் பரதேசி என்றால் திண்ணையில் படுத்துறங்கி, கிடைத்ததை உண்டு வாழ்பவன். கோபத்தில் வீசும் வசைச் சொல்லும்கூட. கொச்சியிலோ அந்தச் சொல் தன் பழைய பொருளை இழக்கவில்லை. பிற தேசத்திலிருந்து வந்தவர் பரதேசி, அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சூடிக்கொண்ட யூதர்களில் ஒருவர் ஒரு காலத்தில் மலபார்க் கரையின் மிகப் பெரிய வணிகராக இருந்தார் என்பது சொல்லின் விளையாட்டு.

அவர் பெயர் எசேக்கியேல் ரஹாபி. 1694இல் கொச்சியில் பிறந்து 1771இல் மறைந்தார். மட்டாஞ்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவர் கட்டிய மணிக்கூண்டைப் படம் எடுக்கிறார்கள், அவர் பதித்த தரையின் மேல் நடக்கிறார்கள். அவர் பெயர் தெரிந்து திரும்புகிறவர்கள் குறைவு.

எர்ணாகுளத்தின் தேவரா பக்கமிருந்து போனால், பாலம் ஏறி வில்லிங்டன் தீவைக் கடந்து, தோப்பும்படியில் இறங்கி மட்டாஞ்சேரியை அடையலாம். வில்லிங்டன் தீவு ரஹாபி பார்க்காத நிலம். 1920, 30களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலைத் தூர் வாரியபோது, அந்த மண்ணைக் கொட்டி எழுப்பியது. ரஹாபியின் காலத்தில் அங்கே தண்ணீர். மிளகு ஏற்றிய வள்ளங்கள் உள்நாட்டு ஆறுகளில் இறங்கி, காயல் வழியே நேராக மட்டாஞ்சேரிக் கரையில் வந்து ஒதுங்கும். கரையில் பண்டகசாலைகள், அதையொட்டி அரசரின் அரண்மனை, அரண்மனையை ஒட்டி பழயன்னூர் பகவதி கோயில், கோயில் மதிலை ஒட்டி சினகாக். அரசு, தெய்வம், வியாபாரம் எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

சினகாக் 1568இல் கட்டப்பட்டது. நிலம் கொடுத்தவர் கொச்சி அரசர். போர்ச்சுக்கீசியர் யூதர்களை விரட்டிய காலம் அது. ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் எரிந்த தீக்குத் தப்பி வந்தவர்களை அதே போர்ச்சுக்கீசியர் இங்கேயும் துரத்த, அரசர் தம் அரண்மனைச் சுவரோரம் இடம் கொடுத்தார். 1662இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடிக்க முயன்று பின்வாங்கியபோது, அவர்களுக்குத் துணைபோனார்கள் என்று போர்ச்சுக்கீசியர் யூதத்தெருவைச் சூறையாடினார்கள். சினகாக் சேதமடைந்தது. மறுவருடமே டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். 1664இல் சினகாக் மறுபடி எழுந்தது. ரஹாபி குடும்பம் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து கொச்சிக்கு வந்தது இந்த நூற்றாண்டின் நடுவில்தான். தகப்பனார் டேவிட் ரஹாபி டச்சுக் கம்பெனியோடு பழகித் தொழிலை வளர்த்தார். மகன் அதை மலபார் முழுவதற்கும் விரித்தார்.

ஒரு யூத வணிகர் இல்லாமல் டச்சுக் கம்பெனியால் ஏன் மிளகு வாங்க முடியவில்லை? இதைப் புரிந்துகொண்டால் ரஹாபியின் வாழ்க்கை பாதி புரிந்துவிடும். கம்பெனியிடம் கப்பல்கள் இருந்தன, பீரங்கிகள் இருந்தன, மிளகுக்கு இதுதான் விலை என்று எழுதிய ஒப்பந்தங்கள் இருந்தன. மிளகுக் கொடியோ மலையடிவாரத்தில் யாரோ ஒருவருடைய மரத்தில் படர்ந்திருந்தது. அந்த யாரோ ஒருவருக்குக் காய்க்கும் முன்பே முன்பணம் கொடுக்க வேண்டும். இடையில் உள்ள தரகரைத் தெரிந்திருக்க வேண்டும். சுங்கம் வாங்கும் சிற்றரசனின் காரியக்காரரைச் சமாளிக்க வேண்டும். கம்பெனியின் விலை எப்போதும் சந்தை விலைக்குக் கீழே. அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர் கூடக் கொடுத்தார்கள், மாகியில் பிரெஞ்சுக்காரர்கள் கூடக் கொடுத்தார்கள். அதுவும் வேண்டாம் என்றால் பொதி மாடுகளின் முதுகில் மிளகு மலை ஏறிக் கணவாய் வழியே தமிழ்நாட்டுக்குப் போய்விடும். கடத்தலைத் தடுக்க டச்சுக்காரர்கள் போட்ட காவலைவிட மாடுகளுக்கு வழி நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்தச் சிக்கலில்தான் ரஹாபி தவிர்க்க முடியாதவர் ஆனார். கம்பெனியின் அதிகாரிகள் சில ஆண்டுகள் இருந்துவிட்டு பத்தேவியாவுக்கோ கொழும்புக்கோ மாற்றலாகிப் போவார்கள். புதிதாக வருபவருக்கு மலையாளமும் தெரியாது, யார் யாருக்குப் பகை என்பதும் தெரியாது. ரஹாபி கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கம்பெனிக்கு மிளகு சேகரித்துக் கொடுத்தார். கம்பெனி கப்பலில் வந்து இறங்கும் சரக்கை மொத்தமாக வாங்கிக் கரையோரச் சந்தைகளில் விற்றார். சொந்தக் கப்பல்களும் வைத்திருந்தார். கொங்கணி வணிகர்கள் அவருக்குக் கூட்டாளிகளாகவும் இருந்தார்கள், போட்டியாளர்களாகவும் இருந்தார்கள். மலபார் வணிகத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதிய அஷின் தாஸ் குப்தா, அந்தக் கரையின் கதையில் இவருக்குப் பெரிய இடம் கொடுத்தார்.

வணிகர் சீக்கிரமே தூதரும் ஆனார். இங்கேதான் கதை தமிழ் மண்ணைத் தொடுகிறது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. குளச்சல் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, அங்கேயே வாழ்ந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானது தெரிந்த கதை. தெரியாத பாதி, தோல்விக்குப் பின் நடந்த நீண்ட பேரம். மாவேலிக்கரையில் நடந்த பேச்சுவார்த்தைகளுக்குக் கம்பெனியின் தரப்பில் போனவர்களில் ரஹாபியும் ஒருவர். மறுபக்கத்தில் திருவிதாங்கூரின் தளவாய் ராமய்யன். திருநெல்வேலிச் சீமையின் ஏர்வாடியில் பிறந்த தமிழ்ப் பிராமணர். அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தின் வாரிசும் ஏர்வாடிக்காரரும் மாவேலிக்கரையில் உட்கார்ந்து ஹாலந்துக் கம்பெனியின் மிளகைப் பற்றிப் பேசினார்கள். பரதேசி என்ற சொல் அந்த அறையில் யாருக்குத்தான் பொருந்தவில்லை?

1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கை கையெழுத்தானது. திருவிதாங்கூர் கம்பெனிக்குக் குறித்த விலையில் மிளகு தரும். கம்பெனி ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறுமானமுள்ள போர்த் தளவாடங்களை அரசருக்குத் தரும். மலபாரின் மற்ற அரசர்களுக்குக் கொடுத்த வாக்குகளிலிருந்து கம்பெனி விலகிக்கொள்ளும்.

அந்தக் கடைசி நிபந்தனை சின்ன விஷயமல்ல. மற்ற அரசர்கள் என்றால் அதில் கொச்சி அரசரும் அடக்கம். யூதர்களுக்கு நிலம் கொடுத்த வம்சம். அரண்மனையின் மதிலுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒருவர், அந்த அரண்மனையைத் தனியே நிற்க விடுவதில் போய் முடிந்த பேரத்துக்குத் தூது போயிருக்கிறார். கம்பெனி இல்லாமலும் அவர் சமூகத்துக்குப் பாதுகாப்பில்லை, அரசர் இல்லாமலும் இல்லை. சிறுபான்மை வணிகருக்கு வாய்க்கும் தலைவலி இது. யார் பக்கமும் முழுதாகச் சாயாமல் எல்லோருக்கும் வேண்டியவராக இருந்தாக வேண்டும். அவர் அதைச் சாதித்தார். கம்பெனியின் நம்பிக்கையும் போகவில்லை, அரண்மனையை அடுத்த தெருவில் இருப்பும் குலையவில்லை.

உடன்படிக்கைக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1760இல், மணிக்கூண்டு எழுந்தது. உயரம் 45 அடி. ஒரு முகத்தில் எபிரேய எழுத்துகளில் மணி. இன்னொன்றில் ரோமன். மற்றொன்றில் மலையாளம். சினகாகுக்கு வருகிறவர், கடைத்தெருவில் போகிறவர், அரண்மனையில் இருப்பவர் எல்லோரும் அவரவர் எழுத்தில் ஒரே நேரத்தைப் பார்க்கலாம். இதை மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று கையேடுகள் எழுதுகின்றன. இருக்கட்டும். ஆனால் ஐம்பது ஆண்டுகள் மூன்று தரப்போடு கணக்குப் பேசிய ஒரு வியாபாரி கட்டிய கடிகாரம் வேறு எப்படி இருக்கும்?

தரை 1762இல் வந்தது. சீனாவின் காண்டன் நகரில் கையால் வரைந்து சுட்ட நீலமும் வெள்ளையுமான ஓடுகள், நூற்றுக்கணக்கில். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று வழிகாட்டிகள் சத்தியம் செய்வார்கள். குனிந்து நிதானமாகப் பார்த்தால் சில சித்திரங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். கையால் வரைந்ததால் ஒவ்வொன்றிலும் தூரிகை கொஞ்சம் தடம் மாறுகிறது, அவ்வளவே. இன்னொரு கதையும் உண்டு. அந்த ஓடுகள் முதலில் அரசருக்காக வந்தன. அவற்றைச் செய்யப் பசுவின் ரத்தம் கலந்திருக்கிறது என்று யாரோ காதில் போட, அரசர் வேண்டாம் என்று ஒதுக்க, மலிவாக சினகாகுக்கு வந்து சேர்ந்தன என்பது கதை. இதைச் சொல்லாத வழிகாட்டி மட்டாஞ்சேரியில் இல்லை. சல்மான் ருஷ்டி 1995இல் வெளியிட்ட நாவலிலும் இந்த ஓடுகள் தலைகாட்டின. யூதனின் தந்திரம் என்ற பழைய ஐரோப்பியக் கட்டுக்கதைக்குக் கேரளத்து வேட்டி கட்டிவிட்டதைப்போல இருக்கிறது கதை. காசு கொடுத்துக் கப்பலில் தருவித்தவர் ஊரின் பெரிய வணிகர் என்ற உண்மை அவ்வளவு ருசியாக இல்லாததால் மறைந்துவிட்டது.

அந்தத் தரையின்மேல் செருப்போடு நடக்கக் கூடாது. உலகின் பெரும்பாலான சினகாகுகளில் அந்த வழக்கம் இல்லை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பக்கத்தில் இருந்து பழகியவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள்.

ரஹாபியின் பக்தி கட்டடத்தோடு முடியவில்லை. கொச்சி யூதர்களுக்கு முறையாகப் பட்டம் பெற்ற ரபி கிடையாது. பெரியவர்களே வழிபாட்டை நடத்த வேண்டும், சட்டம் சொல்ல வேண்டும். அதற்குப் புத்தகம் வேண்டும். 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெரேரா டி பைவா என்ற யூத வணிகர் கொச்சிக்கு வந்து பார்த்துவிட்டுப் போய் ஓர் அறிக்கை வெளியிட்டதிலிருந்து ஹாலந்து யூதர்களோடு தொடர்பு இருந்தது. மிளகு ஏற்றிப் போகும் கம்பெனிக் கப்பல் பாதைதான் எபிரேயப் புத்தகங்கள் திரும்பி வரும் பாதையும். ரஹாபியின் மகன் டேவிட் யூத நாட்காட்டிக் கணிதத்தில் தேர்ந்தவர். அவர் எழுதிய நூல் 1791இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது.

ரஹாபி விட்டுச்சென்றவற்றுள் மணிக்கூண்டைவிட முக்கியமானது என்று சொல்லத்தக்கது ஒரு கடிதம். 1768இல் ஹாலந்தின் ஹேக் நகரிலிருந்து டோபியாஸ் போவாஸ் என்ற யூத வங்கியாளர் அனுப்பிய கேள்விகளுக்கு எபிரேய மொழியில் எழுதிய பதில். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், எப்போது வந்தீர்கள், எத்தனை பேர், யார் ஆட்சியில் இருக்கிறீர்கள். எழுபதைத் தாண்டிய கிழவர் உட்கார்ந்து தம் சமூகத்தின் நினைவை ஒழுங்கு செய்து எழுதினார். எருசலேம் ஆலயம் இடிந்த பின் முன்னோர் கொடுங்கல்லூருக்கு வந்தது, அரசர் செப்பேடு தந்தது என்று அந்தச் சமூகம் வழிவழியாகச் சொல்லிவந்த வரலாறு ஐரோப்பாவுக்குப் போனதில் இந்தக் கடிதத்துக்குப் பெரும் பங்குண்டு. ரஹாபி இறந்த 1771இல் கொச்சியில் பொறுப்பேற்ற டச்சு ஆளுநர் ஆட்ரியான் மோன்ஸ் தம் நீண்ட குறிப்பில் யூதர்களைப் பற்றி எழுதியபோதும் அந்தக் குடும்பம் சேர்த்து வைத்த தகவல் உதவியது.

செப்பேட்டைப் பற்றித் தமிழ் வாசகருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது கி.பி. 379ஆம் ஆண்டினது என்று சமூகம் நம்பியது. கல்வெட்டு அறிஞர்கள் அதைச் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மனின் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 1000 என்று கணிக்கிறார்கள். ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையையும் 72 சிறப்புகளையும் கொடுத்த ஆவணம். எழுத்து வட்டெழுத்து. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று உரிமைகளை அடுக்கும் சொற்களுக்குத் தமிழருக்கு அகராதி தேவைப்படாது. தமிழும் மலையாளமும் முழுதாகப் பாகம் பிரிவதற்கு முந்திய வீட்டின் பத்திரம் அது. பரதேசி சினகாக் அதைப் பாதுகாத்து வந்தது. 2017இல் இஸ்ரேல் போன பிரதமர் நரேந்திர மோடி, நெதன்யாகுவுக்கு அதன் நகலைத்தான் பரிசளித்தார்.

அந்தச் செப்பேட்டை வைத்தே ஒரு பெரிய வழக்கும் நடந்தது, நீதிமன்றத்தில் அல்ல, ஊருக்குள். ஜோசப் ரப்பானின் உண்மையான வாரிசுகள் யார்? காலங்காலமாக இங்கேயே இருந்த மலபாரி யூதர்களா, பின்னால் வந்த பரதேசிகளா? நிறம் உள்ளே புகுந்தது. வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று வெளியார் எழுதியதை உள்ளூராரும் ஏற்றுக்கொண்டார்கள். பரதேசிகளிடம் அடிமைகளாகவும் வேலையாட்களாகவும் இருந்து விடுதலை பெற்ற குடும்பங்களும் இருந்தன. அவர்களுக்கு மெசுஹ்ராரிம் என்று பெயர், விடுவிக்கப்பட்டவர்கள். அதே தோராவை நம்பியவர்கள், அதே சினகாகுக்கு வந்தவர்கள். ஆனால் முன்னறையில்தான் இருக்க வேண்டும், தோரா வாசிக்க அழைப்பு வராது, அதே இடுகாட்டில் அடக்கம் கிடையாது, மணவுறவு கிடையாது. ஜாதி எந்த மதத்தின் வாசலில்தான் செருப்பைக் கழற்றியிருக்கிறது?

எசேக்கியேல் ரஹாபி இந்த ஏற்பாட்டின் உச்சியில் இருந்த மனிதர். அவருடைய கொடையைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அவர் பதித்த தரையின் மேல் எல்லோரும் சமமாக உட்கார இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. அதற்காகப் போராடியவர் மெசுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம். 1882இல் பிறந்து 1967இல் இறந்த அவர், காந்தி வழியில் சினகாகுக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சமத்துவம் வந்து சேர்ந்தபோது உட்கார ஆள் குறைந்துகொண்டிருந்தது என்பதுதான் வேதனை. 1948இல் இஸ்ரேல் பிறந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதிக்குள் மலபாரி யூதர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். யாரும் துரத்தவில்லை. இரண்டாயிரம் வருடக் கதை சொல்லும் ஒரு சமூகம், துரத்தல் எதுவும் இல்லாமல், வேண்டுதல் பலித்த மகிழ்ச்சியோடு ஊரைக் காலி செய்த விநோதம் வேறெங்கும் நடந்ததில்லை எனலாம்.

1968இல் சினகாகுக்கு 400 வயது. பிரதமர் இந்திரா காந்தி மட்டாஞ்சேரிக்கு வந்தார். தபால் தலை வெளியானது. அந்த விழாவை முன்னின்று நடத்தியவர் மற்றொரு வணிகர், எஸ்.எஸ். கோடர். கோட்டைக் கொச்சியில் சிவப்பு நிறத்தில் நிற்கும் பெரிய வீடு அவர்கள் குடும்பத்துடையது, பிற்காலத்தில் விடுதியானது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டின் கதவு ஊராருக்குத் திறந்திருக்கும் என்று சொல்வார்கள். கொச்சி யூதர்களின் வரலாற்றைச் சிறு நூலாகவும் எழுதினார். ரஹாபி ஹாலந்துக்குக் கடிதம் எழுதியதைப்போல. அவர் மகள் குவீனி ஹலேகுவா பின்னாளில் சினகாகின் நிர்வாகத்தைப் பல ஆண்டுகள் கவனித்து, 2024 ஆகஸ்டில் காலமானார். அவர் போனபின் மட்டாஞ்சேரியின் பரதேசி யூதர்களை எண்ண ஒரு கை விரல்கள்கூட அதிகம்.

வழிபாடு முறையாக நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்து மட்டாஞ்சேரியில் கூடுவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டு யூதப் பயணிகள் கூட்டமாக வந்தால் எண்ணிக்கை நிரம்பும். அன்று வேறு தேசத்து உச்சரிப்பில் ஜெபம் ஒலிக்கும். பரதேசிகளின் சினகாகில் பரதேசிகளின் ஜெபம்.

மணிக்கூண்டுக் கடிகாரம் நெடுங்காலம் ஓடாமல் நின்றுவிட்டிருந்தது. 1998, 99இல் நியூயார்க்கைச் சேர்ந்த உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு கூண்டைச் செப்பனிட்டார்கள். யூதத்தெருவில் ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மணத்த பண்டகசாலைகளில் பழம்பொருள் கடைகள் வந்தன, காஷ்மீர்க்காரர்கள் சால்வை விற்றார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகும் சனிக்கிழமை முழுதும் சினகாகில் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. சாபத் நாள். விஷயம் தெரியாமல் தேவராவிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டு, எதிர்க் கடையில் விலை கேட்கப் போகிறார்கள்.